ஆளுக்காக உண்டாக்கப்பட்ட வேலை: வட தாய்லாந்து யானை முகாம் ஒன்றில் நேர்ந்த குடலடைப்பு – நிகழ்வு ஆய்வு

தாய்லாந்தின் சியாங் மாய் மாகாண மலைப்பகுதியில் இயங்கும் ஒரு சிறிய யானை முகாமில், 2023 ஏப்ரல் முதல் வாரத்தில், அறுபது வயதைக் கடந்த பெண் யானை ஒன்றுக்குக் குடலடைப்பு ஏற்பட்டது. அப்போது அங்கே வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் பதினொருவர் தங்கியிருந்தனர். முகாமின் தீவனப் பதிவேடு, மருத்துவர் விட்டுச்சென்ற குறிப்புகள், பாகனும் ஒருங்கிணைப்பாளரும் தன்னார்வலர் சிலரும் பின்னர் கூறியவை ஆகியவற்றைக் கொண்டு இந்த ஆய்வு தொகுக்கப்பட்டுள்ளது. முகாமின் பெயரும் ஆட்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. யானையின் பெயரைச் சொன்னாலே முகாம் தெரிந்துவிடும் என்பதால் அதுவும் தரப்படவில்லை. இதில் அது ‘மூத்த யானை’ என்றே குறிக்கப்படுகிறது. யானை பிழைத்துக்கொண்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனால் அந்த வாரத்தின் விளைவுகள் அதன் உடல்நலத்தோடு முடிந்துவிடவில்லை.

## பின்னணி

1988 நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளமும் மண்சரிவும் பலரைக் காவுகொண்டன. காடுகளை மொட்டையடித்ததே காரணம் என்ற கோபம் நாடெங்கும் எழுந்ததால், 1989 ஜனவரியில் இயற்கைக் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவதை அரசு தடை செய்தது. காட்டுக்கு நன்மை செய்த அந்த ஆணை, மரம் இழுத்துப் பிழைத்த யானைகளுக்கும் அவற்றின் பாகன்களுக்கும் பிழைப்பில்லாமல் செய்துவிட்டது. வளர்ப்பு யானைகள் அந்நாட்டில் இன்றும் மூவாயிரத்துக்கு மேல் உள்ளன. காட்டு யானைக்கு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. வளர்ப்பு யானையோ 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாடு, எருமை, குதிரை போல உடைமையாளர் ஒருவருக்குச் சொந்தமான வேலை விலங்கு. ஆகவே மரத் தொழில் நின்றதும் யானைகளுக்குச் சோறு போடும் பொறுப்பு உடைமையாளர்கள் தலையில் விழுந்தது. அவர்கள் சுற்றுலாவை நாடினார்கள்.

மூத்த யானையும் இந்த வழியில் வந்ததுதான். இளமையில் மரம் இழுத்தது. பிறகு முதுகில் இருக்கை கட்டிப் பயணிகளைச் சுமந்தது. 2020இல் பெருந்தொற்றால் சுற்றுலா நின்றபோது, வேறு பல யானைகளைப் போலவே பாகனோடு அவருடைய கரேன் இனக் கிராமத்துக்கு நடந்தே திரும்பியது. முகாம் மறுபடியும் திறக்கப்பட்டபோது சவாரி கைவிடப்பட்டு, வெளிநாட்டினர் கட்டணம் செலுத்தித் தங்கி யானைகளுக்குப் பணிவிடை செய்யும் திட்டம் அதன் இடத்தில் வந்தது. முகாமில் இருந்த ஐந்து யானைகளில் மூன்று முகாமுக்குச் சொந்தமானவை. மற்ற இரண்டும் மாத வாடகைக்கு எடுக்கப்பட்டவை. இந்த வாடகை பற்றிய செய்தி பின்னால் முக்கியமாகிறது.

தன்னார்வலர்களின் நிலை குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். தாய்லாந்தில் வெளிநாட்டவர் ஊதியம் பெறாமல் செய்யும் வேலைக்கும் பணி அனுமதி கேட்கப்படக்கூடும். அந்தச் சிக்கலைத் தவிர்க்க, பல முகாம்களைப் போல இதுவும் அவர்களைப் பணியாளர்களாக அல்லாமல், பணம் செலுத்திய விருந்தினர்களாகவே வைத்திருந்தது. காகிதத்தில் இது சிறிய வேறுபாடுதான். நடைமுறையில் அதன் பொருள், வேலை வாங்குபவரால் வேலை செய்பவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது என்பதே.

## மூத்த யானையின் தீவனமும் திட்டத்தின் தேவையும்

யானைக்குக் கடைவாய்ப்பற்கள் வாழ்நாளில் ஆறு தொகுதிகளாக முளைக்கின்றன. ஒன்று தேய்ந்தபின் பின்னிருந்து அடுத்தது முன்னே நகர்ந்து வரும். ஆறாவது தொகுதி அறுபது வயதையொட்டித் தேய்ந்துபோனால் அதன்பின் வேறு பல் இல்லை. மூத்த யானைக்கு இடப்பக்கக் கீழ்ப்பல் ஏறக்குறைய மழுங்கிவிட்டிருந்தது. நார் மிகுந்த எதையும் அதனால் அரைக்க முடியாது. அரைபடாத நார் குடலில் பந்தாகத் திரளும். இதை அறிந்திருந்த முகாம், அதற்கெனத் தனித் தீவன முறை ஒன்றை வைத்திருந்தது. நேப்பியர் புல்லும் வாழைத்தண்டும் விரல் நீளத்துக்குச் சிறிதாக நறுக்கித் தரப்படும். வெந்த சோறு, தவிடு, பூசணி, புளி, உப்பு ஆகியவற்றைப் பிசைந்து உருட்டிய கவளங்கள் காலையும் மாலையும் தரப்படும். கரும்பும் மக்காச்சோளத் தட்டையும் அதற்கு முற்றிலும் விலக்கு.

குழுவில் நான்கைந்து பேர் இருந்த வரை இந்த முறை ஒழுங்காக நடந்தது. 2023 தொடக்கத்தில் வெளிநாட்டு முகவர் நிறுவனம் ஒன்று இடங்களை மொத்தமாக விற்கத் தொடங்கியதும் குழுவின் அளவு பெருகியது. ஐந்து யானைகளுக்குப் புல் அறுக்க, கொட்டிலைக் கூட்ட, கவளம் உருட்ட நான்கு பேர் போதும். பதினொரு பேருக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் யானையைத் தொட்டுப் பழகுவதற்காகப் பணம் கட்டி வந்தவர்களை மர நிழலில் சும்மா உட்கார வைக்க முடியாதல்லவா? எனவே நாளுக்கு மூன்றாக இருந்த தீவன வேளைகள் ஐந்தாயின. ஒரு முறையாக இருந்த ஆற்றுக் குளியல் இரண்டானது. முதலிரண்டு வேளைகளுக்குப் பாகன்களும், மற்ற வேளைகளுக்குத் தன்னார்வலர்களும் பொறுப்பு என்று பிரிக்கப்பட்டது. மூத்த யானை சாதுவானது; கை நீட்டினால் நெருங்கி வரும். அதனால் கூட்டம் அதைச் சுற்றியே சேர்ந்தது. இந்த நிகழ்வில் கூட்டத்தின் தேவையும் யானையின் தேவையும் பிரிந்த இடம் இதுதான் என்று கருதுகிறேன். வேலை இருந்ததால் ஆள் வரவில்லை. ஆள் வந்துவிட்டதால் வேலை உண்டாக்கப்பட்டது. அந்த வேலையெல்லாம் யானையின் வயிற்றில்தான் போய்ச் சேர்ந்தது.

காலமும் சரியில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வட தாய்லாந்தில் வயல்களிலும் காடுகளிலும் தீ வைப்பதால் புகை மலைப் பள்ளத்தாக்குகளில் தேங்கி நிற்கும். 2023இல் அது மிகக் கடுமையாக இருந்தது. பசும்புல் கருகிவிட்டதால் முகாம் பக்கத்து வயல்களிலிருந்து மக்காச்சோளத் தட்டைகளையும், சந்தையிலிருந்து கரும்பையும் வாங்கிப் போட்டிருந்தது. இவை இளைய யானைகளுக்கானவை. ஆனால் எல்லாத் தீவனமும் ஒரே கொட்டகையில்தான் அடுக்கப்பட்டிருந்தன.

## கவனிக்கப்பட்டவை

திங்கட்கிழமை புதிய குழு வந்து சேர்ந்தது. செவ்வாய், புதன் இரு நாள்களிலும் மூத்த யானைக்கு என்ன தரப்பட்டது என்பதைப் பதிவேட்டிலிருந்து முழுமையாக அறிய முடியவில்லை. பாகன்களின் வேளைகள் எடையோடு எழுதப்பட்டுள்ளன. தன்னார்வலர்களின் வேளைகளுக்கு நேரே வெறும் சரிக்குறி மட்டுமே உள்ளது. கரும்புத் துண்டுகள் தரப்பட்டதை மூவர் பின்னர் உறுதிசெய்தனர். நறுக்கிய புல்லும் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. பழக்கமில்லாத கை, வெயிலில், கத்தியோடு போராடும்போது அப்படித்தான் ஆகும்.

முதல் அறிகுறியைக் கண்டவர் பாகன். புதன் மாலை, யானை கவளத்தை வாயில் வாங்கிக் கீழே போடுவதைப் பார்த்த அவர், அதைத் தீவனம் வாங்கும் பொறுப்பில் இருந்த சமையற்காரரிடம் கூறினார். சமையற்காரர் அதை ஒருங்கிணைப்பாளரிடம் சேர்த்தார். ஆனால் அது கொள்முதல் கணக்கோடு சேர்த்துச் சொல்லப்பட்டதால், தீவனம் மிஞ்சுகிறது, அடுத்த வாரம் குறைத்து வாங்கலாம் என்ற அளவிலேயே எடுத்துக்கொள்ளப்பட்டது. பாகனுக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் நேரடியாகப் பேசிக்கொள்ளப் பொதுவான மொழி இல்லை.

இரண்டாவதாகக் கண்டவர், கொட்டிலில் லத்தி அள்ளும் வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிய ஒரு தன்னார்வலர். யாரும் விரும்பாத அந்த வேலையில்தான் நல்ல கவனிப்பு நடந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். நலமான யானை நாளொன்றுக்குப் பதினைந்து முறை அளவில் லத்தி போடும். வியாழக்கிழமை காலை, வழக்கமாக மூன்று தள்ளுவண்டி நிறையும் இடத்தில் ஒன்றுகூட நிறையவில்லை. அவர் ஓர் உருண்டையைக் கையால் உடைத்துப் பார்த்தார். உள்ளே புல் அரைபடாமல், ஆட்காட்டி விரலைவிட நீளமான நார்களாக அப்படியே கிடந்தது; மேற்புறம் உலர்ந்து, கோழை போன்ற வழுவழுப்பான படலம் ஒட்டியிருந்தது. இதை அவர் குறிப்பேட்டில் தெளிவாக எழுதிவைத்தார். அந்தக் குறிப்பேட்டை மறுநாள் காலை வரை யாரும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் யானை தும்பிக்கை நுனியை வாய்க்குள் விட்டுக் கடித்தபடி நின்றது. பின்னங்கால்களை நீட்டி வயிற்றைத் தாழ்த்தியது. இரு முறை படுத்து, உடனே எழுந்தது. இவை வயிற்று வலியின் அறிகுறிகள் என்பது பாகனுக்கு ஐயமின்றித் தெரிந்தது. இம்முறை அவர் சமையற்காரரிடம் சொல்லாமல் நேரே முகாம் நிர்வாகியின் வீட்டுக்குச் சென்று எழுப்பினார்.

## எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

மருத்துவரை உடனே அழைப்பதா, மாலை வரை பார்ப்பதா என்பது முதல் கேள்வி. நிர்வாகி காத்திருக்கலாம் என்றார். முன்பொரு முறை புளியும் உப்பும் கொடுத்தே சரியானது என்பது அவர் வாதம். அதில் நியாயமும் உண்டு. பாகன் மறுத்தார். தும்பிக்கையைக் கடிக்கும் அளவுக்கு வலி வந்துவிட்டது என்பது ஒன்று. சோங்க்ரான் புத்தாண்டு விடுமுறைக்கு ஒரு வாரமே இருந்ததால், நோய் நீடித்தால் மருத்துவர் கிடைப்பது அரிதாகும் என்பது மற்றொன்று. இரண்டாவது காரணமே நிர்வாகியை இணங்க வைத்தது. காலை ஏழு மணிக்குள் அழைப்பு சென்றது. நடமாடும் மருத்துவக் குழு பிற்பகலில் வந்தது.

அடுத்தது, யானையை லாரியில் ஏற்றி லம்பாங்கில் உள்ள யானை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதா என்பது. மருத்துவரும் பாகனும் ஒருமித்து வேண்டாம் என்றனர். வலியில் அடிக்கடி படுத்தெழும் முதிய யானை, வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் லாரிக்குள் சரிந்து விழுந்தால் எழுப்பவே முடியாது. நடப்பது குடல் அசைவுக்கு உதவும். லாரியில் நிற்பது உதவாது. மருந்தும் கருவியும் கொண்டு மருத்துவரே வர முடிந்த நிலையில், பயணத்தின் கேட்டை ஏற்க வேண்டிய தேவை இல்லை.

மூன்றாவது முடிவுதான் மிகுந்த மனக்கசப்பை உண்டாக்கியது. தண்ணீர் சுமக்க இருவரைத் தவிரத் தன்னார்வலர் அனைவரும் யானை இருந்த இடத்திலிருந்து விலக்கப்பட்டனர். வலியிலிருக்கும் யானை எவ்வளவு சாதுவானாலும் திடீரென்று திரும்பக்கூடும். அதற்குக் கேட்க வேண்டியது பாகனின் குரல் ஒன்று மட்டுமே. இன்னொரு காரணத்தை மருத்துவர் எடுத்துச் சொன்னார்: மனிதரைத் தாக்கும் காசநோய்க் கிருமி யானைக்கும் தொற்றும். இருமுபவரை யானையின் அருகில் விடக் கூடாது என்பது முகாமின் விதிதான். ஆனால் புகை மூட்டத்தில் அந்த வாரம் எல்லோருமே இருமிக்கொண்டிருந்ததால், யாருடைய இருமல் எதனால் என்று பிரித்தறிய வழியில்லாமல் விதி காற்றில் விடப்பட்டிருந்தது. நலிந்த யானை அருகே அந்தத் தளர்வை அனுமதிக்க மருத்துவர் மறுத்துவிட்டார்.

விலக்கப்பட்டவர்களில் சிலர் அழுதனர். ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். தாங்கள் உதவத்தானே வந்தோம், உதவி தேவைப்படும் நாளில் ஏன் ஒதுக்குகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. ஒருங்கிணைப்பாளர் அவர்களை எதிர்த்து வாதாடவில்லை. தீவனக் கொட்டகையைக் காலிசெய்து, மூத்த யானைக்கான புல்லையும் தட்டை, கரும்பு ஆகியவற்றையும் வெவ்வேறு இடங்களில் அடுக்கும் வேலையைக் கொடுத்தார். அந்த வாரம் முழுவதிலும் அவர்கள் செய்த மிகப் பயனுள்ள வேலை அதுவே எனலாம்.

## சிகிச்சையும் தேறுதலும்

புதிதாக விழுந்த சிறு லத்தி உருண்டைக்குள் வெப்பமானியைச் செருகி உடல் வெப்பம் பார்க்கப்பட்டது, காய்ச்சல் இல்லை. மருத்துவர் தோள்வரை கையுறை அணிந்து, மலக்குடலில் எட்டிய வரை இறுகிக் கிடந்ததை வெளியே எடுத்தார். வெதுவெதுப்பான நீர் குழாய் வழியே மலக்குடலில் செலுத்தப்பட்டது. காதின் பின்புற ரத்தநாளத்தில் நீர்மம் ஏற்றப்பட்டது. வலிக்கு ஊசி போடப்பட்டது. திட உணவு நிறுத்தப்பட்டது. பாகன் அதை இரவும் பகலும் இடைவிட்டுச் சமதளத்தில் மெல்ல நடத்தினார். அவருடைய மருமகனும் கூட இருந்ததால்தான் அவரால் சற்றேனும் கண்ணயர முடிந்தது.

சனிக்கிழமை முழுவதும் முன்னேற்றம் இல்லை. ஞாயிறு அதிகாலையில் அடைப்பு வெளிவந்தது: கயிறு போல முறுக்கிய நார்த் திரளும், அதனிடையே கரும்புச் சக்கையும். அன்று பகலுக்குள் மேலும் மூன்று முறை லத்தி விழுந்தது. ஒரு வாரம் நீர்த்த கஞ்சியும் பூசணியும் மட்டும் தந்து, பின்பு படிப்படியாகப் புல்லுக்கு வந்தனர். உடல் இளைத்துப்போனது, மழைக்காலம் தொடங்கிப் பசும்புல் கிடைத்தபின்பே தேறியது.

## ஏன் நேர்ந்தது

கரும்பைக் குற்றவாளியாக்கிவிட்டுக் கோப்பை மூடிவிடலாம். நிர்வாகி முதலில் அப்படித்தான் செய்ய விரும்பினார். மருத்துவரின் குறிப்பு அதற்கு இடந்தரவில்லை. யானை உண்டது வெளியேற ஒன்றிலிருந்து இரண்டு நாள் ஆகிறது. செவ்வாயன்று ஊட்டியதன் பலன் வியாழனன்றுதான் தெரியும். அதற்குள் ஊட்டியவர் வேறு வேலைக்கு மாறியிருப்பார், வாரக் குழுவானால் ஊர் திரும்பவே தயாராகியிருப்பார். தன் கையால் என்ன நேர்ந்தது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அமைவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே யானையோடு இருக்கும் பாகனுக்கு மட்டுமே அது தெரியும். அவருடைய சொல்லோ சமையலறை வழியாகச் சுற்றித்தான் வந்தது.

நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெரிய யானைக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிநீர் தேவை. கோடையில் அதைவிடக் கூடுதல். மூத்த யானை வழக்கமாகக் குளியலுக்கு முன் ஆற்றில் மெதுவாக நின்று குடிக்கும். பதினொருவர் வாளியும் தூரிகையுமாக இறங்கி நீரைக் கலக்கிய நாள்களில், அது போதுமான அளவு குடிக்காமலே கரையேறிவிட்டது என்பதைப் பாகன் உறுதியாகக் கூறுகிறார். குளியல் இரண்டு முறையான வாரத்தில், அது குடித்த நீர் குறைந்திருக்கிறது. வறண்ட குடலில் நீண்ட நார் சேர்ந்தது.

## தொடர்ந்து நடந்தவை

மே மாதத்திலிருந்து குழு நான்கு பேராகக் குறைக்கப்பட்டது. கையால் ஊட்டுவதும் ஆற்றில் சேர்ந்து குளிப்பாட்டுவதும் நிறுத்தப்பட்டன; தன்னார்வலர்கள் புல் அறுப்பது, நறுக்குவது, கொட்டிலைத் துப்புரவாக்குவது, தொலைவிலிருந்து யானைகளின் நடத்தையைப் பதிவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கின்றனர். நறுக்கும் பலகையின் ஓரத்தில் விரல் நீள மூங்கில் குச்சி ஒன்று கட்டப்பட்டுள்ளது. அதைவிட நீளமான துண்டு மூத்த யானையின் கூடைக்குப் போகாது. லத்திக் குறிப்பேடு எழுத்துக்குப் பதிலாகப் படக்குறிகளால் ஆனது. பாகன்கள் விடியலில் முதலில் பார்ப்பது அதைத்தான். எந்த யானைக்கு அன்று எவ்வளவு தீவனம், யார் அருகில் வரலாம் என்பதில் பாகனின் சொல்லே முடிவு.

குளியல் இல்லை என்பதால் வருவோர் சிலகாலம் முணுமுணுத்தனர். 2025 ஜனவரியில் தெற்கே பங்ஙா மாகாணத்தில், யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவர் அந்த யானை தாக்கி இறந்தபின் அந்த முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

வருமானம் வெகுவாகக் குறைந்தது. முகவர் நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பணம் திருப்பிக் கேட்டவருக்குப் பாதித் தொகை தரப்பட்டது. வாடகை கட்ட முடியாமல் இரு வாடகை யானைகளில் ஒன்றான ஆண் யானை உடைமையாளரிடம் திருப்பி அனுப்பப்பட்டது. அவர் அதைச் சவாரி நடத்தும் வேறொரு முகாமுக்கு விட்டுவிட்டார். ஒரு யானையின் நலனுக்காகச் செய்த மாற்றத்தின் விலையை இன்னொரு யானை முதுகில் சுமக்கிறது என்று பாகன்களில் இளையவர் கூறியதை மறுக்க முடியவில்லை.

## மாற்ற வேண்டியவை

ஒருங்கிணைப்பாளராக அமர்த்தப்படுபவருக்குப் பாகன்களோடு நேரே பேசும் அளவுக்கேனும் தாய்லாந்து மொழி தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டினரோடு இனிமையாகப் பழகும் திறமை அதற்கு அடுத்த தகுதிதான். இத்தகைய முகாமுக்குச் செல்ல எண்ணுபவர் பணம் கட்டுவதற்கு முன், குழுவில் எத்தனை பேர், யானைகள் எத்தனை, ஆள் வராத வாரத்தில் அந்த வேலைகளை யார் செய்கிறார்கள் என்று கேட்பது நல்லது. ஆள் வராத வாரத்தில் நடக்கவே நடக்காத வேலை ஏதேனும் பட்டியலில் இருந்தால், அது வருபவருக்காக உண்டாக்கப்பட்டது.

குழுவைக் குறைத்த முடிவு சரியானதே. குறைத்த வேகம்தான் விவாதத்துக்குரியது. வாடகை ஒப்பந்தம் அக்டோபர் வரை இருந்தது. மூத்த யானையோடு நேரடித் தொடர்பை உடனே நிறுத்திவிட்டு, குழுவின் அளவை மட்டும் அக்டோபர் வரை படிப்படியாகக் குறைத்திருந்தால், கூடுதலாக வருவோரைப் புல் வளர்ப்பிலும் வேலி வேலையிலும் ஈடுபடுத்தி அந்த மாதங்களின் வாடகையைத் திரட்டியிருக்கலாம். ஆண் யானைக்குச் சவாரி இல்லாத வேறோர் இடத்தைத் தேட உடைமையாளரோடு பேசவும் அவகாசம் கிடைத்திருக்கும். எஞ்சியுள்ள வாடகை யானையின் ஒப்பந்தத்தில், திருப்பி அனுப்புவதானால் ஆறு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற விதியை நிர்வாகி இப்போது சேர்த்திருக்கிறார்.